நாரா பெரிய புத்தர்ல தப்பிச்சது எது? முகம் இல்ல, முழங்கால்

"ஜப்பான்ல நாராங்கிற ஊர்ல இருக்கிற பெரிய புத்தர் சிலை ரெண்டாம் உலகப்போர்ல குண்டு விழுந்தும் ஒரு கீறல் கூட படாம தப்பிச்சதாமே, 1200 வருஷத்து ஒரிஜினல் சிலை அப்படியே இருக்காமே, நிஜமா?"னு கேட்டிருக்கீங்க. ரீல்ஸ்ல வந்ததுனும் சொல்லியிருக்கீங்க, அதுவும் பின்னாடி பிஜிஎம் போட்டு, கேட்கவே வேணாம்.

நேரா சொல்லிடறேன். போர் தப்பு. கீறல் படலங்கிறதும் தப்பு. ஆனா "தப்பிச்சது"ங்கிற ஒரு வார்த்தை மட்டும் பாதி சரி, அந்த பாதி தான் சுவாரஸ்யமே. நான் ஒசாகால வேலை பார்த்தப்போ நாராவுக்கு ட்ரெயின்ல ஒரு மணி நேரம் கூட ஆகாது, லீவு கிடைச்சா அங்க போயி மானுக்கு பிஸ்கட் போட்டுட்டு கோயில்ல உக்காந்துடுவேன், அப்படி பார்த்ததும் படிச்சதும் தான் இது, கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

முதல்ல உலகப்போரை முடிச்சிடுவோம். தோதாய்ஜி, அதாவது அந்த புத்தர் இருக்கிற கோயில், அது மேல குண்டே விழல. அமெரிக்க கலை அறிஞர் லாங்டன் வார்னர் "இந்த ஊரையெல்லாம் தொடாதீங்க"னு லிஸ்ட் போட்டு கொடுத்ததால தான் நாராவும் கியோத்தோவும் பிழைச்சதுனு ஒரு கதை ரொம்ப நாளா ஓடுது, அந்த மனுஷனே நான் பண்ணலனு மறுத்தவர். கியோத்தோ அணுகுண்டு போடற லிஸ்ட்லயே இருந்த ஊரு. விடுங்க. இந்த சிலையை எரிச்ச போர் அதெல்லாம் இல்ல, அதுக்கு ரொம்ப முன்னாடி, ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை. ரெண்டு தடவையும் எரிச்சது வெளியில இருந்து வந்தவன் இல்ல, ஜப்பான்காரனே தான்.

சிலை வந்த கதை சுருக்கமா. ஷோமுங்கிற சக்கரவர்த்தி 743ல ஒரு உத்தரவு போடறார், வைரோசன புத்தருக்கு பெரிய சிலை வார்க்கணும்னு. அந்த காலத்துல அம்மை வந்து ஊரு ஊரா செத்துட்டு இருந்தாங்க, பஞ்சம், கலகம் வேற. அந்த உத்தரவுல எனக்கு பிடிச்ச ஒரு இடம் இருக்கு: ஒருத்தன் ஒரு புல்லோ ஒரு பிடி மண்ணோ கொண்டு வந்து உதவறேன்னு வந்தா கூட சேர்த்துக்கங்கனு எழுதியிருக்கார். இதை ஞாபகம் வச்சுக்கங்க, திரும்ப வரும். வசூலுக்கும் ஆள் சேர்க்கவும் கியோகினு ஒரு துறவியை பிடிச்சாங்க, இதுல தமாஷ் என்னன்னா அதே அரசாங்கம் தான் 717ல ஜனங்களை கூட்டி பிரசங்கம் பண்றார்னு அவர் மேல தடை போட்டது. ஜனக்கூட்டம் யார் பின்னாடி போகுதோ அவர் கால்ல தானே விழணும்.

வார்த்தது 747ல இருந்து 749 வரைக்கும். நம்ம சுவாமிமலைல பண்ற மெழுகு வார்ப்பு மாதிரி நினைக்காதீங்க. உள்ள மண்ணுல ஒரு புத்தர், அதுக்கு வெளியில இன்னொரு மண் அச்சு, நடுவுல இருக்கிற இடைவெளில செம்பை உருக்கி ஊத்தணும். இதையே கீழ இருந்து மேல எட்டு அடுக்கா பண்ணாங்க. ஒரு அடுக்கு ஆனதும் சுத்தி மண்ணை கொட்டி மேடாக்கி, அது மேல உலையை வச்சு அடுத்த அடுக்கு. கடைசில தலை வார்க்கும்போது புத்தர் முழுசா ஒரு மண் மலைக்குள்ள புதைஞ்சு கிடப்பார், அப்புறம் தோண்டி எடுக்கணும். சுமார் 500 டன் செம்பு செலவாச்சு, நிறைய மேற்குல நாகாதோ பக்கத்து சுரங்கத்துல இருந்து வந்தது. மேல தங்கம் பூச பாதரசத்துல தங்கத்தை கரைச்சு தடவி, சூடு காட்டி பாதரசத்தை ஆவியா விட்டாங்க. தங்கத்துக்கு என்ன பண்றதுனு முழிச்சிட்டு இருந்தப்போ 749ல வடக்குல முத்சு பக்கம் தங்கம் கிடைச்சிருக்கு, சக்கரவர்த்தி சந்தோஷத்துல சகாப்தத்தோட பேரையே மாத்திட்டார்.

752ல கண் திறப்பு. நம்ம ஊர்லயும் சிலைக்கு கண் திறக்கிற சடங்கு இருக்கே, அதே தான். அங்க பிரஷ் பிடிச்சு கண்ணு வரைஞ்சவர் போதிசேனர், தென்னிந்தியாவுல இருந்து சீனா போயி அங்கிருந்து 736ல ஜப்பான் வந்த துறவி. (அவரு எந்த ஊருனு ஊர் பேரோட சுத்துற பார்வர்டுகளை நம்பி சண்டை போட்டுக்காதீங்க, ஜப்பான் குறிப்புல "தென் இந்தியா"னு தான் இருக்கு, அதுவே பெருமை தானே.) அந்த பிரஷ்ல நீளமா ஒரு நீலப் பட்டுக்கயிறு கட்டி, வந்திருந்தவங்க அதை பிடிச்சுக்கிட்டாங்க, அதாவது எல்லாரும் சேர்ந்து கண்ணு திறந்த மாதிரி. அந்த பிரஷும் கயிறும் ஷோசோஇன்னு சொல்ற கோயில் கருவூலத்துல இன்னைக்கும் இருக்கு.

சரி, நூறு வருஷம் கழிச்சு 855ல நிலநடுக்கம் வந்து தலை தனியா கீழ விழுந்துச்சு, ஒட்ட வச்சாங்க. அது போர் இல்ல, அதனால தாண்டிப் போயிடறேன்.

இப்ப 1180. இந்த இடத்துல தான் ரீல்ஸ்காரங்க சொல்லாத விஷயம் இருக்கு. அப்போ நாரா கோயில்னா பஜனை மடம் மாதிரி கற்பனை பண்ணாதீங்க. நிலம், வரி, ஆயுதம், எல்லாம் வச்சிருந்த அரசியல் சக்தி, துறவிங்களே வாளும் ஈட்டியுமா சண்டைக்கு நிப்பாங்க. தலைநகர்ல தாய்ரா குடும்பம் கொடிகட்டிப் பறக்குது, அந்த வீட்டு பெரியவர் கியோமோரி. நாரா துறவிங்க எதிர்க்கட்சி பக்கம். கியோமோரி முதல்ல ஆயுதம் எடுக்காம போங்கனு சொல்லி ஒரு படையை அனுப்பினதாவும், துறவிங்க அதுல அறுபது பேருக்கு மேல தலையை வெட்டி சாருசாவா குளத்தங்கரைல தொங்க விட்டதாவும் 'ஹெய்கே கதை'ங்கிற பழைய ஜப்பான் போர்க்கதை சொல்லுது. அந்த குளம் இப்ப ஆமை பார்க்கிற இடம், எல்லாரும் ஐஸ்கிரீம் சாப்பிட்டுட்டு சுத்தி வருவாங்க.

கியோமோரி மகன் ஷிகெஹிரா பெரும் படையோட வர்றான். நாள் முழுக்க சண்டை, பனிக்காலம், ராத்திரி ஆயிடுச்சு, இருட்டு. வெளிச்சத்துக்கு தீ வைங்கடானு சொல்ல, ஒரு வீட்டுல வச்ச தீ காத்துல பரவி கோயிலுக்குள்ள வந்துடுச்சுனு அதே கதைல இருக்கு. வேணும்னே வச்சாங்கனு நினைக்கிறவங்களும் உண்டு. எனக்கு அந்த வித்தியாசமே பெருசா தெரியல, மர ஊருக்குள்ள பனிக்காத்துல தீ வைக்கிறவனுக்கு என்ன ஆகும்னு தெரியாதா. சண்டை போட முடியாத வயசானவங்க, பொம்பளைங்க, குழந்தைங்க எல்லாம் பெரிய புத்தர் மண்டபத்து மாடிக்கு ஏறி, எதிரி பின்னாடியே வரக்கூடாதுனு ஏணியை எடுத்துட்டாங்களாம். அங்க மட்டும் 1700 பேருக்கு மேல, மத்த இடங்களையும் சேர்த்து 3500 பேருக்கு மேல எரிஞ்சதா கதைல கணக்கு. போர்க்கதை எண்ணிக்கைல கொஞ்சம் குறைச்சு தான் எடுத்துக்கணும், ஆனாலும் அந்த ஏணி விஷயம் படிச்ச அன்னைக்கு எனக்கு சோறு இறங்கல.

புத்தரோட தலை கழண்டு கீழ விழுந்துச்சு, உடம்பு உருகி மலை மாதிரி குவிஞ்சுதுனு எழுதியிருக்காங்க. "மலை மாதிரி" கொஞ்சம் மிகை. தீ மேல் நோக்கி தானே போகும், எரியுற கூரை சூடு மேல் பாகத்துக்கு, கீழ கால் பாகம் தப்பிச்சது. அடுத்த வருஷமே கியோமோரி கடும் ஜுரத்துல செத்துட்டார், ஊரே புத்தர் தண்டனைனு பேசுச்சு. ஷிகெஹிரா பின்னாடி ஒரு சண்டைல மாட்டினான், நாரா துறவிங்க "அவனை எங்ககிட்ட குடு"னு கேட்டு வாங்கி, 1185ல கிசு ஆத்தங்கரைல தலையை வெட்டிட்டாங்க.

இதுக்கு அப்புறம் வர்ற ஆள் தான் என் ஹீரோ. பேரு சோகென், துறவி, 1181ல பொறுப்பு எடுத்துக்கும்போது வயசு 61. நம்ம ஊர்ல அந்த வயசுல பென்ஷன் ஃபைலை தூக்கிட்டு அலைவாங்க. இவர் ஒத்தை சக்கர வண்டிங்களை தள்ளிக்கிட்டு ஊரு ஊரா வசூலுக்கு கிளம்பிட்டார். காகிதம் ஒண்ணு, அரைக்காசு, எது வேணா குடுங்க. (ஒரு புல்லு, ஒரு பிடி மண்ணு, ஞாபகம் வருதா?) வார்க்கிற வேலைக்கு உள்ளூர் ஆளுங்களால முடியாதுனு தோணினதும், அப்போ ஜப்பான்ல இருந்த, சோங் வம்சம் ஆண்ட சீனாவுல இருந்து வந்த கைவினைஞர் சென் ஹெசிங்கை சேர்த்துக்கிட்டார். மரத்துக்கு மேற்கு கோடி சுவோ காட்டுக்கே நேரா போயிட்டார், ஆத்துல தண்ணி போதலனு நூத்துக்கும் மேல தடுப்பு கட்டி தண்ணியை தேக்கி தேக்கி மரத்தை மிதக்க விட்டு கொண்டு வந்தாங்க.

1185ல மறுபடி கண் திறப்பு. ஓய்வு பெற்ற சக்கரவர்த்தி கோஷிரகாவா தானே சாரத்துல ஏறி, கருவூலத்துல இருந்த அதே 752ஆம் வருஷத்து பிரஷை எடுத்து கண்ணை வரைஞ்சார். இன்னைக்கு அந்த பிரஷ்ல அவர் பயன்படுத்தின தேதியே எழுதியிருக்கு. நடுவுல 433 வருஷம். மண்டபம் 1195ல முடிஞ்சது, அந்த விழாவுக்கு நாட்டையே கைல வச்சிருந்த ஷோகன் மினமோதோ யோரிதோமோ வந்து, சிலை வார்த்த சென் ஹெசிங்கை பார்க்கணும்னார். அவர் முடியாதுன்னுட்டார். நிறைய பேரை கொன்னவர் நீங்க, பாவம் பெருசு, நான் பார்க்க மாட்டேன்னு. யோரிதோமோ கோவப்படாம கண்ணு கலங்கி, கவசம் குதிரை எல்லாம் பரிசா அனுப்பி வச்சாராம். அவர் கவசத்தை கோயிலுக்கு குடுத்துட்டார், ஆணி அடிக்க இரும்பு வேணும்ல.

அப்புறம் 372 வருஷம் நிம்மதி. 1567ல ரெண்டாவது தீ.

இது உள்நாட்டு சண்டை உச்சத்துல இருந்த காலம். மத்சுனாகா ஹிசாஹிடேனு ஒருத்தன் பக்கத்துல கோட்டை கட்டி உக்காந்திருக்கான், அவனுக்கு எதிரியான மியோஷி குடும்பத்து ஆளுங்க வந்து பெரிய புத்தர் மண்டபத்துலயே முகாம் போட்டுட்டாங்க, கோயிலை எவனும் தொடமாட்டான்னு நம்பிக்கை போல. அவன் தொட்டான். பத்தாம் மாசம் பத்தாம் தேதி ராத்திரி தாக்குதல், மண்டபம் எரிஞ்சது, புத்தர் தலை மறுபடி போச்சு. தீயை வச்சது யாருங்கிறதுல சர்ச்சை இருக்கு, போர்ச்சுகல் பாதிரியார் லூயிஸ் ஃப்ரோய்ஸ் மியோஷி படைல இருந்த ஒரு கிறிஸ்தவ சிப்பாய் தான் வச்சான்னு எழுதியிருக்கார், ஜனங்க பழியை முழுசா மத்சுனாகா தலைல கட்டிட்டாங்க. சரியா பத்து வருஷம் கழிச்சு, 1577, அதே பத்தாம் மாசம் பத்தாம் தேதி, அவன் தன்னோட கோட்டைல சுத்தி வளைக்கப்பட்டு தீக்குள்ளயே செத்தான். இப்படி தேதி பொருந்தினா ஊரு சும்மா விடுமா, இன்னைக்கும் சொல்லி சொல்லி மாயறாங்க.

இந்த தடவை சோகென் மாதிரி யாரும் உடனே வரல. தலைக்கு பதிலா செப்புத் தகடு வச்சு ஒப்பேத்தினாங்க, மேல தற்காலிகமா ஒரு கொட்டாய். 1610ல அடிச்ச புயல்ல கொட்டாயும் பறந்துச்சு. அதுக்கு அப்புறம் கிட்டத்தட்ட 80 வருஷம் புத்தர் வெயில்லயும் மழைலயும் பனியிலயும் சும்மா உக்காந்திருந்தார். தகட்டு முகத்தோட. தாத்தா காலத்துலயும் நனைஞ்ச புத்தர், பேரன் காலத்துலயும் நனைஞ்ச புத்தர். எரிஞ்சதை விட எனக்கு இந்த 80 வருஷம் தான் அதிகமா உறுத்தும். தீ ஒரு ராத்திரி வேலை. இது எல்லாரும் தினமும் பார்த்துட்டே தாண்டிப் போன விஷயம்.

கோகெய்னு ஒரு பையன், 13 வயசுல இந்த கோயிலுக்கு துறவியா வர்றான், மழைல நனையுற புத்தரை பார்க்கறான். அது மனசுல நின்னுடுச்சு. வளர்ந்து 1684ல ஷோகன் அரசாங்கத்துக்கிட்ட வசூலுக்கு அனுமதி கேட்டார், அனுமதி குடுத்தாங்க, காசு குடுக்கல. சிலை முடியுற வரைக்கும் படுத்து தூங்க மாட்டேன்னு உக்காந்தே தூங்கினார்னு சொல்லுவாங்க. தலையை புதுசா வார்த்து 1692ல மூணாவது தடவையா கண் திறப்பு. அப்புறம் தான் ஷோகன் த்சுனாயோஷியும் அவங்க அம்மாவும் மண்டபத்துக்கு கை கொடுத்தாங்க. கோகெய் மண்டபத்தை பார்க்காமலே 1705ல இறந்துட்டார், 1709ல தான் முடிஞ்சது.

அந்த மண்டபத்துக்குள்ள போனா காசு பத்தாததை கண்ணாலயே பார்க்கலாம். பழைய மண்டபம் சுமார் 86 மீட்டர் அகலம், இப்ப இருக்கிறது 57 தான். தூணுக்கு பெரிய மரம் கிடைக்கல, அதனால நடுவுல ஒரு மரம் வச்சு சுத்தி பலகை அடுக்கி இரும்புப் பட்டை போட்டு இறுக்கியிருக்காங்க, கிட்ட போயி பாருங்க, பட்டையும் ஆணியும் அப்படியே தெரியும். கூரையை தாங்குற ரெண்டு பெரிய உத்தரத்துக்கு மட்டும் 23 மீட்டர் மரம் தெற்கு கடைசில கியூஷூ கிரிஷிமா மலைல தான் கிடைச்சது, அங்கிருந்து கடல் வழியா இழுத்துட்டு வந்தாங்க.

இப்ப உங்க கேள்விக்கு. ஒரிஜினலா? நீங்க அண்ணாந்து பார்த்து ஃபோட்டோ எடுக்கிற அந்த முகம் 1690 வாக்குல வார்த்தது. உடம்புல பெரும்பாகம் சோகென் காலம், நடுநடுவுல 1567க்கு அப்புறம் போட்ட ஒட்டு. எட்டாம் நூற்றாண்டு செம்புனு பார்த்தா முழங்கால் பக்கம், மடி, தொங்குற துணி மடிப்புல கொஞ்சம், அப்புறம் உக்காந்திருக்கிற தாமரை இதழ்கள். 14.98 மீட்டர் உயர சிலைல மேல போகப்போக வயசு குறையுது. அந்த இதழ்கள்ல புத்தரும் அடுக்கடுக்கா உலகங்களும், கீழ மேரு மலையும் கோட்டோவியமா செதுக்கியிருக்காங்க, அந்த காலத்து கைவேலை எப்படி இருந்ததுனு தெரிஞ்சுக்க இது தான் நேரடி சாட்சி. யாரும் அதை பார்க்கறதில்ல, எல்லாரும் மேல பார்த்துட்டு, புத்தரோட மூக்கு துவாரம் சைஸ்ல இருக்கிற தூண் ஓட்டைல குழந்தையை நுழைய விட்டுட்டு கிளம்பிடறாங்க.

சிலர் "அப்ப போலி தானே"ம்பாங்க. எனக்கு அந்த வாதம் பிடிக்காது. ரெண்டு தடவையும் மிஞ்சினதை உருக்கிப் போட்டு புதுசா பளபளனு பண்ணியிருக்கலாம், வார்க்கிறவனுக்கு அது தான் சுலபம். பண்ணல. எரிஞ்ச முழங்கால் மேலயே உடம்பை ஏத்தினாங்க, அந்த உடம்பு மேல தலையை ஏத்தினாங்க.

முழுசா தப்பிச்ச சிலை தான் வேணும்னா நடந்தே போற தூரத்துல கோஃபுகுஜிங்கிற கோயில் இருக்கு. 1180ல அதுவும் தரைமட்டம். ஆனா 734ல செஞ்ச அசுரர் சிலை, மூணு முகம் ஆறு கை, 153 சென்டிமீட்டர், அது பிழைச்சது. கூடவே கந்தர்வர், கருடர், கின்னரர் எல்லாரும். நம்ம புராண ஆளுங்க அங்க புத்தருக்கு காவல். பிழைச்சதுக்கு காரணம் அற்புதம் இல்ல, எடை. மண் உருவத்து மேல சணல் துணியை அரக்குப் பிசின்ல நனைச்சு அடுக்கடுக்கா ஒட்டி, காஞ்சதும் உள்ள இருக்கிற மண்ணை எடுத்துடுவாங்க, உள்ள வெறும் கூடு, சுமார் 15 கிலோ. தீ வந்தப்போ தூக்கிட்டு ஓடக்கூடிய கனம் தான். 500 டன் செம்பை யாரு தூக்கறது. அதே கோஃபுகுஜி ஆளுங்க, தங்களோட சிலை எரிஞ்சு போனதால 1187ல யமதா-தேராங்கிற வேற கோயிலுக்குள்ள புகுந்து அங்க இருந்த 685ஆம் வருஷத்து புத்தரை தூக்கிட்டு வந்துட்டாங்க, ஆமா, திருட்டு தான். அது 1411ல இடி விழுந்து எரிஞ்சு, தலை மட்டும் மிஞ்சி, எங்கயோ காணாம போயி, 1937ல கோஃபுகுஜி மண்டபத்தை ரிப்பேர் பண்ணும்போது பீடத்துக்குள்ள இருந்து வெளிய வந்துச்சு.

கடைசியா அந்த முழங்காலுக்கே வர்றேன். 1900கள் ஆரம்பத்துல பெரிய புத்தர் மண்டபத்தை ரிப்பேர் பண்ணப்போ புத்தர் முழங்காலுக்கு கீழ தரையில வாள், வெள்ளி பாத்திரம், கண்ணாடினு பொருள்கள் கிடைச்சது. துருப்பிடிச்ச வாள்னு எடுத்து வச்சிட்டாங்க. இன்னொரு பக்கம், ஷோமு இறந்ததும் 756ல அவர் மனைவி கோம்யோ ராணி அவரோட பொருள்களை பெரிய புத்தருக்கு காணிக்கையா குடுத்த லிஸ்ட் இருக்கு, அதுல ஒரு ஜோடி வாளுக்கு பக்கத்துல "எடுக்கப்பட்டது"னு சீட்டு ஒட்டியிருக்கும், எங்க போச்சுனு யாருக்கும் தெரியாது. 2010ல அந்த துருப்பிடிச்ச வாளை எக்ஸ்ரே எடுத்தா உள்ள தங்கத்துல எழுத்து தெரியுது, ஒண்ணுல "யாங் வாள்", இன்னொண்ணுல "யின் வாள்". லிஸ்ட்ல காணாம போன அதே ஜோடி. ரெண்டு தீயும், நிலநடுக்கமும், 80 வருஷ மழையும் அதுக்கு மேல தான் நடந்திருக்கு.